நீச்சல் குளத்தில் நடந்தவன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை எழுத எனக்குத் தகுதி கிடையாது. பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பம்ப் ஹவுஸ் லாக் புத்தகத்தில்தான். அதில் ஒரு வரிக்கு மேல் எழுதினால் இன்ஜினியர் கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்பார். நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. என் பணி ஓய்வு விழாவில் “எல்லோருக்கும் நன்றி” என்று சொல்ல எழுந்து, “எல்லோருக்கும்” என்றதோடு உட்கார்ந்துவிட்டேன்.

அப்படிப்பட்டவன் இவ்வளவு நீளம் எழுதக் காரணம், எழுதாவிட்டால் வருகிற சனிக்கிழமை நான் தண்ணீரில் குதிக்க வேண்டியிருக்கும்.

டவுன்ஷிப் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குக் கோடைப் பயிற்சி தொடங்குகிறார்கள். எங்கள் பம்ப் செக்‌ஷனில் இப்போது வேலை பார்க்கும் பிரபு என்கிற தம்பி போன வாரம் வீட்டுக்கு வந்து அழைப்பிதழ் கொடுத்தார். அதில் என் பெயர் அச்சாகியிருந்தது. ‘முதல் டைவ்: திரு. சேவியர், சுரங்க முக்குளிப்பு வீரர்’. என்னைக் கேட்காமலே அச்சடித்துவிட்டார்கள். கேட்டிருந்தால் மட்டும் நான் மறுத்திருப்பேன் என்று சொல்ல முடியாது. வாய் வராமல் தலையாட்டியிருப்பேன். என் மனைவி ஸ்டெல்லா அதை வாங்கிப் படித்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். உள்ளேயிருந்து வெகுநேரம் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

பிரபு இன்னொன்றும் கேட்டார். இப்போது தண்ணீருக்குள் போய்ப் படம் எடுத்து அனுப்புகிற ஒரு சிறிய மெஷின் செக்‌ஷனுக்கு வந்திருக்கிறதாம். “நீங்கள்லாம் மெஷின் இல்லாமயே எறங்குனீங்களே, அது எப்படின்னு எழுதிக் குடுங்கண்ணே, சங்க மலர்ல போடலாம்” என்றார். சரி, எழுதியே தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சங்கத்தார் தயவுசெய்து சனிக்கிழமைக்கு முன்னால் அச்சுக்குக் கொடுக்கவும்.

எனக்கு நீச்சல் தெரியாது.

அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் சிலிண்டர் கட்டிக்கொண்டு சுரங்கத் தண்ணீருக்குள் இருபது அடி ஆழம் வரை இறங்கியது உண்மை. ஒருமுறை இரண்டு முறை இல்லை, பதினாலு முறை. சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, நாம் மூச்சு விடுகிற வெறும் காற்றுதான். இதையும் ஐம்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன், யாரும் நம்புவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையை வளர்த்த விரும்பவில்லை. கான்ட்ராக்டில் எட்டு வருடம், பிறகு பெர்மனென்ட். ஃபிட்டராக பம்ப் செக்‌ஷனில் போட்டார்கள், கடைசி வரை அங்கேயே இருந்தேன். சுரங்கத்தின் அடித்தளத்தில் மழைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் வந்து சேர்கிற பெரிய பள்ளம் உண்டு. சம்ப் என்போம். அதன் மேல் இரும்பு மிதவை, மிதவையின் மேல் பம்புகள். ஒவ்வொரு பம்பிலிருந்தும் ஒரு குழாய் தண்ணீருக்குள் இறங்கும். குழாயின் நுனியில் குப்பை போகாமலிருக்க ஒரு சல்லடைக் கூடை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் பம்ப் வெறுமனே உறுமும், தண்ணீர் ஏறாது. மழைக்காலத்தில் ஒரு பம்ப் நின்றால்கூடத் தண்ணீர் மளமளவென்று ஏறி, பழுப்பு நிலக்கரி வெட்டுகிற இடத்துக்குப் போய்விடும்.

அந்தக் கூடையைச் சுத்தம் செய்ய வெளியூரிலிருந்து டைவர் வர வேண்டும். ஒரு மழையில் ரோடு துண்டிக்கப்பட்டு டைவர் மூன்று நாள் வரவில்லை. அப்போதுதான் நம் ஆள் ஒருவருக்கே பயிற்சி கொடுத்தால் என்ன என்று மேலே முடிவெடுத்தார்கள். ஆளைத் தேடும் பொறுப்பு எங்கள் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் சண்முகம் சாருக்கு வந்தது.

சண்முகம் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தியே யாரும் கேட்டதில்லை. ஆனால் எதையும் மூன்று தடவை கேட்பார். முதல் தடவை நம் முகத்தைப் பார்த்துக் கேட்பார். இரண்டாம் தடவை கையிலிருக்கும் காகிதத்தைப் பார்த்துக் கேட்பார். மூன்றாம் தடவை நம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, இருக்கிற குரலையும் குறைத்துக் கேட்பார். அந்த மூன்றாம் தடவையில் பொய் சொன்னவர் யாரும் செக்‌ஷனில் கிடையாது. ஒருமுறை ஒருவரிடம், குழாய் மூட்டில் கசியாமலிருக்க வைக்கிற கேஸ்கெட் புதிதா என்று கேட்டார்.

“புதுசு சார்.”

“புதுசுங்களா?”

“புதுசு மாதிரி சார்.”

“புதுசா?”

“பழசு சார்.”

இவ்வளவுதான். திட்டவும் மாட்டார். புதிய கேஸ்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

முக்குளிக்க ஆள் வேண்டும் என்றதும் செக்‌ஷனில் எல்லோருக்கும் காது அடைப்பும் மூச்சிரைப்பும் வந்துவிட்டன. அவர் ஒவ்வொருவரையும் மூன்று தடவை கேட்டு, அடைப்பில்லை, பயம்தான் என்று தெரிந்துகொண்டு, கடைசியில் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் என் சர்வீஸ் புத்தகம் திறந்திருந்தது. பிறந்த ஊர் என்ற இடத்தில் கடலூர் முதுநகர் என்று இருந்தது.

“முதுநகருங்களா சேவியர்? ஹார்பர் பக்கமா?”

“பக்கம்தான் சார்.”

“ரொம்ப நல்லதுங்க” என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

துறைமுகத்துக்காரன், பெயர் வேறு சேவியர், பிறகென்ன, பிறக்கும்போதே வலையோடு பிறந்தவன் என்று அவர் முடிவு செய்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால் முதுநகர் என் அம்மாவின் தாய்வீடு. தலைப்பிரசவத்துக்குப் போனவர் மூன்றாம் மாதம் என்னைத் தூக்கிக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்குத் திரும்பிவிட்டார். மூன்று மாதத்தில் நான் எவ்வளவு நீந்தியிருக்க முடியும்? குறிஞ்சிப்பாடியில் எங்கள் வீட்டில் தறி ஓடியது. எங்களுக்குத் தண்ணீரோடு இருந்த பழக்கமெல்லாம் நூல் நனைக்கிற அளவுக்குத்தான்.

எதையும் மூன்று தடவை கேட்கிற மனிதர், நீச்சல் தெரியுமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஸ்டெல்லா, “நீச்சல் தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?” என்றாள்.

“அவர் கேக்கவே இல்ல.”

“நீங்களே சொல்றது.”

“எப்படிச் சொல்றது?”

“வாயாலதான்.”

பயிற்சி கொடுக்கப் புதுச்சேரியிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். மீசை வைத்த ஆள் ஒருவரை எதிர்பார்த்து டவுன்ஷிப் குளத்துக்குப் போனேன். வந்திருந்தது திவ்யா மேடம். இருபத்தெட்டு வயதிருக்கும். எனக்கு அந்த வயதில் பெண் இருந்திருந்தால் அப்படித்தான் இருப்பாள். கறுப்பு ரப்பர் உடையைக் கையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். அது உடம்போடு ஒட்டுகிற உடை. நான் மாற்றிக்கொண்டு, அதன் மேல் லுங்கி கட்டிக்கொண்டு வந்தேன். லுங்கி எதற்கு என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. முதல் நாள் முழுவதும் லுங்கியோடுதான் தண்ணீரில் இருந்தேன். அது மிதந்து மேலே வந்து முகக் கண்ணாடியை மூடியதால் இரண்டாம் நாள் விட்டுவிட்டேன்.

என்னோடு கயிறு பிடிக்கிற வேலைக்குக் காளிமுத்து அண்ணனைப் போட்டிருந்தார்கள். அவர் கிரேன் கேங்கில் ரிக்கர். பாரத்துக்குச் சங்கிலி மாட்டி, விசில் ஊதி, கிரேன் ஆபரேட்டருக்குச் சைகை சொல்வது அவர் வேலை. ஓய்வு பெற ஏழு மாதம்தான் பாக்கி. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார் என்று செக்‌ஷனில் பேச்சு. டென்ஷன் வந்தால் விசிலை வாயில் வைத்துக்கொள்வார், ஊத மாட்டார், சும்மா கடித்துக்கொண்டிருப்பார்.

முதல் பரீட்சை, குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் குறுக்கே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்த வேண்டும். தண்ணீர் என் மார்பு வரைதான் இருந்தது. நான் கழுத்தளவுக்கு முழங்காலை மடக்கிக்கொண்டு, கைகளை மட்டும் முன்னால் வீசி வீசி, தரையில் நடந்தே போனேன். மேலிருந்து பார்த்தால் நீச்சல், கீழிருந்து பார்த்தால் வாக்கிங். அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பினால், திவ்யா மேடம் முகக் கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீருக்கு அடியிலிருந்து எழுந்து வருகிறார்.

“நல்லா நடந்தீங்கண்ணே” என்றார்.

முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ‘நல்லா நடந்துச்சு’ என்று சொல்ல வந்து வாய் தவறியதா, அல்லது நான் நடந்ததைத்தான் சொன்னாரா? வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் பத்து விதமாகச் சொல்லிக் காட்டினேன். எந்த விதத்தில் சொன்னாலும் நடந்ததாகத்தான் கேட்டது.

மறுநாள் என்னை அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. பாடத்தைத் தொடங்கினார்.

முதல் பாடம், மூச்சை அடக்கக் கூடாது. சிலிண்டர் குழாயின் நுனியிலுள்ள ரப்பரை வாயில் கடித்துக்கொண்டு மெதுவாக இழுத்து மெதுவாக விட வேண்டும். என்ன நடந்தாலும் மூச்சு நிற்கக் கூடாது, அவசரமாக மேலே பாயக் கூடாது. நெஞ்சில் அடைபட்ட காற்று மேலே வர வர விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும் என்றார். பிறந்தது முதல் தண்ணீர் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகியே பழக்கம். தண்ணீருக்கு அடியில் மூச்சு விட முதலில் உடம்பு ஒப்பவே இல்லை. வாய் இழுக்கும், நெஞ்சு கதவைச் சாத்தும். மூன்றாம் நாள் எப்படியோ திறந்துகொண்டது. குளத்தின் அடியில் முழங்காலிட்டு உட்கார்ந்து, என் மூச்சுச் சத்தத்தை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் யாரும் பேச முடியாத, நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஓர் இடம். வெட்கப்படுகிறவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மேடம் மேலே வரச் சொன்னபோது எனக்கு வர மனமில்லை.

வர மனமில்லாவிட்டாலும் அடிக்கடி மேலே வர வேண்டியதாயிற்று. அவர் நலமா என்று கையால் கேட்பார். நான் உற்சாகமாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவேன். உடனே என் கையைப் பிடித்து மேலே கூட்டி வந்துவிடுவார். நாலு தடவை இப்படி ஆனது. தண்ணீருக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’ என்று அர்த்தமாம். நலம் என்றால் விரலை வட்டமாக வளைத்துக் காட்ட வேண்டுமாம்.

ஆனால் சம்ப்பில் கைச் சைகை எதுவும் செல்லாது. அங்கே தண்ணீர் கறுப்பு. கையை மூக்குக்கு நேரே வைத்தாலும் தெரியாது. அதனால் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் காளிமுத்து அண்ணன் பிடித்திருப்பார், பேச்செல்லாம் கயிறு வழியாக. கயிறு இல்லாமல் என்னை ஒருபோதும் இறக்கக் கூடாது என்று மேடம் கண்டிப்பாக எழுதிக் கொடுத்தார். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் கயிறு கொடு. மூன்று என்றால் வருகிறேன், சுருட்டு. நாலு என்றால் ஆபத்து.

ஒத்திகை பார்த்தோம். நான் குளத்தின் அடியில் உட்கார்ந்துகொண்டு, கயிறு போதவில்லை என்று இரண்டு இழுத்தேன். அடுத்த கணம் வாளி மாதிரி மேலே வந்துவிட்டேன்.

மேடம் அவரைப் பார்த்தார். “ரெண்டுன்னா தூக்குதாம்மா” என்றார் காளிமுத்து அண்ணன். “ஒண்ணு நிறுத்து, ரெண்டு தூக்கு, மூணு எறக்கு. முப்பது வருசமா அப்படித்தான் ஊதிகினு இருக்கறேன்.”

அது கிரேன் விசில் என்றும், இது டைவிங் கயிறு என்றும் மேடம் விளக்கினார். அவரும் தலையாட்டினார். மறந்துவிடாமல் இருக்க உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு பயிற்சி முடியும் வரை தப்பே செய்யவில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் நான் மூன்று தடவை சம்ப்பில் இறங்கி வந்துவிட்டேன். மூன்றும் சின்ன வேலை, ஆளுக்குப் பெரிய பெயர். கேன்டீனில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். ‘முதுநகர் மீன்’ என்று பெயர் வைத்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு இட்லி சாப்பிட்டேன்.

நாலாவது தடவைதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். ஏ ஷிப்ட், காலை ஒன்பது மணி இருக்கும். விடாமல் மழை. இரண்டாம் நம்பர் பம்ப் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. ஒரு மணி நேரத்தில் சம்ப் ஒரு சாண் உயர்ந்திருந்தது. இப்படியே போனால் மத்தியானத்துக்குள் கன்வேயர் மோட்டார் வரை வந்துவிடும்.

இறங்குவதற்கு முன் லைன் கிளியர் வாங்க வேண்டும். எல்.சி. என்போம். எலக்ட்ரீஷியன் பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்ற சிவப்புப் பலகையை மாட்டி, சாவியைக் கொண்டுவந்து கயிறு பிடிப்பவரிடம் கொடுப்பார். ஆள் மேலே வரும் வரை சாவி அவர் கழுத்தில்தான் இருக்கும். கீழே கை வைத்திருக்கும்போது பம்ப் ஓடினால், கையைச் சல்லடையோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும்.

சண்முகம் சார் மழைக்கோட்டோடு மிதவை மேல் நின்றுகொண்டிருந்தார். “எல்.சி. எடுத்தாச்சுங்களா?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். எடுத்தாச்சு என்றேன். காகிதத்தைப் பார்த்துக் கேட்டார். சொன்னேன். என் காலைப் பார்த்துக் கேட்டார். அன்று பூட்ஸுக்குப் பதில் துடுப்புச் செருப்பு போட்டிருந்தேன். அதைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை. எடுத்தாச்சு சார் என்றேன். காளிமுத்து அண்ணன் கழுத்தில் விசிலோடு சாவியும் தொங்கியது. அவர் உள்ளங்கையில் எழுதியிருந்ததை மழை அழித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவரும் கவனித்திருக்க மாட்டார்.

ஏணி வழியாக இறங்கி, குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கை மாற்றிக் கை மாற்றிக் கீழே போனேன். மூன்றாவது அடியிலேயே வெளிச்சம் போய்விட்டது. பிறகு எல்லாம் கைதான். குழாய், போல்ட், இன்னொரு போல்ட், வளைவு, அதற்குக் கீழே கூடை. கூடையைத் தொட்டால் சல்லடை இல்லை, வழவழவென்று ஏதோ மூடியிருக்கிறது. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். வரிசையாக இரும்பு வளையம் வைத்த ஓட்டை, ஓட்டையில் நைலான் கயிறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் ரப்பர் இருந்ததால் சிரிக்க முடியவில்லை. எங்கள் டீ ஷெட் மேல் போட்டிருந்த நீலத் தார்ப்பாய். பத்து நாளைக்கு முன் காணாமல் போனது. பி ஷிப்ட்காரர்கள் திருடிவிட்டார்கள் என்று பத்து நாளாக அவர்களோடு பேச்சுவார்த்தையே இல்லை. காற்று தூக்கிக்கொண்டு வந்து போட்டிருக்கிறது.

கத்தியை எடுத்து அறுக்க ஆரம்பித்தேன். பாதி வந்துவிட்டது. மறுபக்கம் போக வேண்டும் என்று குழாயைச் சுற்றித் திரும்பியபோது முதுகில் ஏதோ பிடித்தது. தார்ப்பாயின் நைலான் கயிறு சிலிண்டரின் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் குழாயைச் சுற்றி வந்ததால் என் இடுப்புக் கயிறும் குழாயைச் சுற்றியிருக்கிறது. ஒன்றும் பெரிய விஷயமில்லை. கயிறு கொஞ்சம் தளர்ந்தால் பின்னால் வந்து, அறுத்துவிட்டுப் போகலாம். கயிறு கொடு என்று இரண்டு இழுத்தேன்.

கயிறு வரவில்லை. இருந்ததும் மேலே போய்விட்டது. என் நெஞ்சு குழாயோடு போய் மோதியது.

அவசரத்தில் சரியாக இழுக்கவில்லையோ என்று மறுபடியும் இரண்டு இழுத்தேன், அழுத்தமாக. மேலேயும் அழுத்தமாகப் புரிந்துகொண்டார்கள். விலா எலும்பு நெரிந்தது. வாயிலிருந்து ரப்பர் பாதி நழுவி, பல்லால் பிடித்துக்கொண்டேன். நாலு இழுத்துப் பார்க்கலாம் என்றால், நாலு என்றால் எல்லோரும் சேர்ந்து இழுப்பார்கள். குழாய்க்கும் கயிற்றுக்கும் நடுவே நான் தேங்காய்த் துருவல் ஆகிவிடுவேன்.

கையில் கத்தி இருந்தது. இடுப்புக் கயிற்றை அறுத்தால் விடுதலை. நீச்சல் தெரிந்தவன் அதைத்தான் செய்திருப்பான். அறுத்துவிட்டு மேலே பாய்ந்திருப்பான். நான் அறுத்தால் எங்கே போவேன்? குழாயைப் பிடித்து ஏறினாலும் அந்த இருட்டில் ஏணி எந்தப் பக்கமென்று தெரியாது, மேலே இருப்பது இரும்பு மிதவையின் வயிறு. அதன் அடியில் தடவிக்கொண்டு வெளியே வர நீந்தத் தெரிய வேண்டும். கேன்டீனில் முதுநகர் மீன் என்று கூப்பிட்டபோது தலையைக் குனிந்துகொண்டு இட்லி சாப்பிட்டது ஞாபகம் வந்தது. அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மேடம் சொன்னபடி மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டேன். இழு, விடு. இழு, விடு. அப்போதுதான் தோன்றியது. நான் இரண்டு இழுத்தேன், தூக்கினார். மறுபடியும் இரண்டு இழுத்தேன், இன்னும் நன்றாகத் தூக்கினார். காளிமுத்து அண்ணன் தப்பே செய்யவில்லை. அவர் கிரேன் பாஷையில் இருக்கிறார். நான்தான் வேறு பாஷையில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு இழுப்பு இழுத்தேன். மேடம் பாஷையில் அது ‘நலம்’. கிரேன் பாஷையில் ‘நிறுத்து’.

கயிறு நின்றது.

அடுத்தது மூன்று. மேடம் பாஷையில் மூன்று என்றால் சுருட்டு. கிரேன் பாஷையில் இறக்கு. இதற்குள் யாராவது அவருக்கு மேடம் சொன்னதை ஞாபகப்படுத்தியிருந்தால் என் கதை முடிந்தது. யாரும் ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாது மாதாவே என்று வேண்டிக்கொண்டு, மூன்று இழுத்தேன்.

கை நிறையக் கயிறு வந்து விழுந்தது.

பின்னால் நகர்ந்தேன், நைலானை அறுத்தேன், குழாயைச் சுற்றியதை அவிழ்த்தேன். அவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று மிச்சத் தார்ப்பாயையும் அறுத்து எடுத்துக்கொண்டேன். பிறகு தெளிவாக, கிரேனுக்கு ஊதுவது போல, இரண்டு இழுத்தேன். ராஜ மரியாதையோடு மேலே வந்து சேர்ந்தேன்.

மேலே வந்ததும் முதலில் பார்த்தது காளிமுத்து அண்ணனின் வாய். விசில் பற்களுக்கு நடுவே இருந்தது. முகத்தில் ரத்தமில்லை. அவருக்கும் ஏதோ தப்பு நடந்தது புரிந்திருந்தது, என்னவென்றுதான் தெரியவில்லை. அழிந்துபோன உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுக்குச் சில மாதமே இருக்கும்போது ஆளை அடியில் வைத்து நெரித்தார் என்று மெமோ வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

சண்முகம் சார் வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“கீழ என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்ல சார். தார்ப்பாய்.”

கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். “கயிறு அப்படி ஆடுச்சே, என்னாச்சுங்க?”

“தார்ப்பாய் கொஞ்சம் பெருசு சார்.”

என் துடுப்புச் செருப்பைப் பார்த்தார். குரல் இறங்கியது. “என்னாச்சு சேவியர்?”

மூன்றாம் தடவை. பொய் வராது. காளிமுத்து அண்ணனைச் சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் ஏதாவது ஓர் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வாய் தானாகத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிடும். கைவசம் இருந்த வேறொரு உண்மையை எடுத்துக் கொடுத்தேன்.

“சார், எனக்கு நீச்சல் தெரியாது சார்.”

மிதவை மேல் நின்றிருந்த ஏழெட்டுப் பேரும் மழையைக்கூட மறந்து என்னைப் பார்த்தார்கள். சார் மட்டும் செருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அது தெரியுமுங்க” என்றார். “நான் கேட்டது கயித்தப் பத்தி.”

அவரே மெதுவாகச் சொன்னார். பயிற்சியின் முதல் நாள் சாயங்காலமே திவ்யா மேடம் அவரிடம், இவர் நீந்தவில்லை, நடக்கிறார், ஆனால் சொன்னதைத் தவிர எதையும் செய்வதில்லை, அந்த இருட்டுக்குக் கை காலை அடித்துக்கொள்ளாத இந்த மாதிரி ஆள்தான் வேண்டும், கயிறு மட்டும் இல்லாமல் இறக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்.

“அப்ப நீங்க என்னக் கேட்டிருக்கலாமே சார்” என்றேன். அவரிடம் நான் எதிர்த்துக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

“மூணு தடவ கேட்டா நீங்க நெசத்தச் சொல்லிருப்பீங்க. அப்புறம் நான் ஆளுக்கு எங்கீங்க போவேன்?”

இதற்குள் காளிமுத்து அண்ணன் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டார். “சார், அவன் மேல தப்பு ஒண்ணுமில்ல. நான்தான் ரெண்டு இழுத்ததும் தூக்கிட்டேன். கை அப்படியே பழகிகினுது சார்” என்று அவரே சொல்லிவிட்டார். சார் அவரைப் பார்த்தார். அவர் பூட்ஸைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார். பிறகு என்னிடம், கீழே எப்படித் தப்பித்தேன் என்று கேட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். சொன்னேன். காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டு, முதலில் சாவியைக் கொடுத்து பம்பை ஓட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் விலாவுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், “ஆக, ஊருக்கே தெரிஞ்சதுதான் உங்களுக்கு மட்டும் ரகசியமா இருந்துருக்குது” என்றாள்.

அவள் சொன்ன ஊர் சாரும் மேடமும்தான், மற்றபடி ஊருக்குத் தெரியாமல் போனதும் உண்மை. அன்று மிதவையில் இருந்தவர்கள் யாரும் வெளியே சொல்லவில்லை. அதனால்தான் இந்த அழைப்பிதழ். பிரபு தம்பி, சனிக்கிழமை ரிப்பன் இருந்தால் வெட்டுகிறேன். ஆழமில்லாத பக்கம் என்றால் இறங்கி நடந்தும் காட்டுகிறேன்.

சம்பவத்துக்கு மறுநாள் எனக்கு லீவு கொடுத்தார்கள். நான் போகவில்லை என்றாலும் நடந்ததைச் சொன்னார்கள். மிதவை மேல் ஒரு புதிய பலகை மாட்டினார்கள். ‘டைவிங் கயிறு: ஒன்று நிறுத்து, இரண்டு தூக்கு, மூன்று இறக்கு’ என்று எழுதி, கீழே சண்முகம் சார் கையெழுத்துப் போட்டிருந்தார். தார்ப்பாயைத் தைத்து டீ ஷெட் மேல் போட்டார்கள். பி ஷிப்ட்காரர்களுக்கு டீ கொடுத்தார்கள். இரண்டாம் நம்பர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.